டாங்கியை வெட்டியவருக்கும் ஒரு சிறுநீர்ச் சோதனை கொடுங்கள்

வளைகுடாவுக்கும் இராக்குக்கும் எங்கள் ஊர் ஆட்களை அனுப்ப அனுமதி தரும் அதிகாரிகளுக்கும், வெளிநாட்டில் வேலை பார்க்கும் தமிழர் நலனைக் கவனிக்கும் துறையினருக்கும் வணக்கம்.

மேலூர் பஸ் ஸ்டாண்டு சுவரில் போன வாரம் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். கேஸ் கட்டர், ஜேசிபி ஆபரேட்டர், ஹெல்பர் தேவை, இராக்கில் இடிபாடு அகற்றும் வேலை, சாப்பாடு தங்குமிடம் இலவசம், பத்தாம் வகுப்பு பாஸ் ஆகியிருக்க வேண்டியதில்லை, நேர்காணல் மதுரையில். சம்பளத்தைப் பார்த்துவிட்டு எங்கள் தெருவிலேயே இரண்டு பையன்கள் பாஸ்போர்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். அது எந்தப் போரில் இடிந்த இடிபாடு, அதில் என்ன கலந்து கிடக்கிறது என்று நோட்டீஸில் ஒரு வரிகூட இல்லை. அனுமதி கொடுக்கும்போது நீங்கள் கேட்கும் கேள்விகளிலும் அது இல்லை.

நான் கேட்பது ஒன்றுதான். போர் நடந்த மண்ணில் வேலை பார்த்துத் திரும்புகிற ஒவ்வொருவருக்கும், அவர் எங்கே என்ன வேலை பார்த்தார் என்று ஒரு பதிவும், ஊர் வந்ததும் சிறுநீரில் யுரேனியம் இருக்கிறதா என்று ஒரு சோதனையும் வேண்டும். டாங்கியைத் துளைக்கும் சில குண்டுகளை யுரேனியத்தில்தான் செய்கிறார்கள். ஏன் கேட்கிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

என் சித்தப்பா தொண்ணூறுகளின் கடைசியில் குவைத்தில் பழைய இரும்பு யார்டு ஒன்றில் கட்டராக இருந்தார். 1991 போரில் எரிந்துபோன ராணுவ வண்டிகள் லாரியில் வரும். உள்ளே இறங்கி சீட்டைப் பிடுங்கி, வயரை உருவி, மிச்சத்தைக் கேஸ் கட்டிங்கில் துண்டு போடுவது வேலை. முகத்தில் ஒரு துண்டு கட்டிக்கொள்வார்கள், அவ்வளவுதான் பாதுகாப்பு. மத்தியானம் அந்த டாங்கி நிழலிலேயே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள், பாலைவனத்தில் வேறு நிழல் ஏது. அந்த வண்டிகளைத் துளைத்தது எந்தக் குண்டு என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை, எங்கேயும் எழுதி வைக்கவும் இல்லை.

இன்று அவருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரம் இரண்டு முறை மேலூரிலிருந்து மதுரைக்கு டயாலிசிஸ். சுகர் கிடையாது, குடும்பத்தில் யாருக்கும் இந்த நோய் இல்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளில் காரணம் அறியப்படவில்லை என்று எழுதியிருக்கிறது. டயாலிசிஸ்கூட உடம்புக்குப் பழகிவிட்டது, தண்ணீர்தான் அவரால் முடியவில்லை. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று டாக்டர் அளந்து கொடுத்திருக்கிறார். அதற்குள் மாத்திரைக்கும் குடிக்க வேண்டும், குழம்பில் இருக்கும் தண்ணீரும் அந்தக் கணக்கில்தான் வரும். மேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சித்திரையில் அழகர் மதுரைக்கு இறங்கும்போது வழி நெடுக நீர்மோர்ப் பந்தல், பானகம், கையை நீட்டினால் டம்ளர் வரும். வருஷா வருஷம் எங்கள் வீட்டுப் பந்தலில் மோர் ஊற்றிக் கொடுத்தவர் அவர்தான். இப்போது பந்தல் பக்கமே வருவதில்லை, பார்த்தால் குடிக்கத் தோன்றும் என்கிறார். ஐஸ் கட்டி ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பார். நாக்கு ஒட்டிக்கொண்டு பேச்சு குளறும்.

இதற்குக் காரணம் யுரேனியம்தான் என்று நான் சொல்ல வரவில்லை. வளைகுடா வெயிலில் வருஷக்கணக்கில் தண்ணீர் சரியாகக் குடிக்காமல் உழைத்தாலும் சிறுநீரகம் கெடும் என்று எனக்கும் தெரியும். எதனால் என்று பார்க்கக்கூட வழியில்லையே என்பதுதான் என் கோபம். அவர் பார்த்த வேலைக்கு ஏதாவது பதிவு இருக்குமா என்று விசாரிக்கப் போன ஓர் அலுவலகத்தில், அப்படி ஒரு படிவமே கிடையாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பாஸ்போர்ட்டில் இருப்பது தொழிலாளி என்ற ஒரு சொல் மட்டும்.

செறிவு குறைந்த யுரேனியம் பற்றி உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. இதைப் படிக்கும் எங்கள் ஊர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். அணு உலைக்கும் அணுகுண்டுக்கும் வேண்டிய பகுதியைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சுவது அது. ஈயத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் அடர்த்தி, அதனால் டாங்கியின் இரும்பைத் துளைக்கும் குண்டு செய்ய வைத்துக்கொண்டார்கள். 1991 வளைகுடாப் போரில் குவைத்திலும் தெற்கு இராக்கிலும் அமெரிக்காவும் பிரிட்டனும் ஏறக்குறைய 300 டன் சுட்டிருக்கின்றன. அமெரிக்காவின் ஏ-10 விமானம் சுடும் ஒரு குண்டிலேயே சுமார் 300 கிராம் இருக்கும். டாங்கியில் மோதியதும் அது தீப்பிடித்து மாவு மாதிரி நுண்ணிய தூசியாகிறது. வெளியில் கிடந்தால் அதன் ஆல்ஃபா கதிர் தோலைத் தாண்டாது, இயற்கை யுரேனியத்தைவிடக் கதிர்வீச்சும் குறைவுதான். மூச்சோடு உள்ளே போனால் கதை வேறு. கரைவது ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்துக்குப் போகும், அங்கே ஈயம், காட்மியம் போல இதுவும் ஒரு விஷ உலோகம். கரையாதது நுரையீரலில் ஆண்டுக்கணக்கில் தங்கும். மண்ணில் விழுந்தது பாதியாகக் குறைவதற்கே 450 கோடி ஆண்டு ஆகும்.

எல்லாரையும்விட அதிகமாக இந்தத் தூசி படுவது, அடிபட்ட வண்டிக்குள் இருந்தவர்களுக்கும், பிறகு அந்த வண்டிக்குள் ஏறி வேலை பார்ப்பவர்களுக்கும். இதை அமெரிக்க ராணுவமே ஒப்புக்கொண்டு அப்படித்தான் வகை பிரித்து வைத்திருக்கிறது. 1991இல் நியூ ஜெர்சியிலிருந்து வந்த தேசியக் காவல் படைக்காரர்கள் சிலர் இப்படி அடிபட்ட வண்டிகளில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதில் என்ன படிந்திருக்கிறது என்று அவர்களுக்குச் சில வாரம் கழித்துத்தான் தெரிய வந்தது. அது அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு வரைக்கும் போய், ராணுவம் தயாராக இருக்கவில்லை என்று 1993இல் அறிக்கை வந்தது. என் சித்தப்பா பார்த்ததும் அதே மாதிரி வேலைதான், வாரக்கணக்கில் இல்லை, வருஷக்கணக்கில். அவரைப் பற்றி அறிக்கை எழுத யார் இருக்கிறார்கள்?

சுட்டவர்கள் தங்கள் ஆட்களுக்கு என்ன செய்தார்கள் என்று பாருங்கள். உடம்பில் யுரேனியச் சில்லு தங்கிவிட்ட வீரர்களை 1993இலிருந்து அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் தொடர்ந்து கூப்பிட்டுச் சோதிக்கிறார்கள். சந்தேகப்படும் பழைய வீரர் யாராக இருந்தாலும் ஒரு நாள் சிறுநீரைச் சேகரித்துக் கொடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். பிரிட்டனும் 1991 போரில் இருந்தவர்களுக்கு இதே சோதனைக்கு ஏற்பாடு செய்தது. பால்டிமோரில் பார்த்தவர்களுக்குப் பெரிய சிறுநீரகக் கேடு எதுவும் தெரியவில்லை என்றுதான் அந்த டாக்டர்கள் எழுதுகிறார்கள். நல்லது, சந்தோஷம். முப்பது வருஷமாக விடாமல் பார்த்ததால்தானே அவர்களால் அப்படிச் சொல்ல முடிகிறது? எங்கள் ஆட்களைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு வார்த்தை சொல்ல உங்களிடம் என்ன இருக்கிறது?

போர் நடந்த பகுதியில் வாழும் எல்லாருக்கும் சோதனை தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னதை நீங்கள் பதிலாகச் சொல்லலாம். அதற்கு அடுத்து அவர்கள் சொன்னதையும் சேர்த்துப் படியுங்கள். அதிகமாக உடம்பில் போயிருக்கலாம் என்று நினைப்பவர்கள் மருத்துவரைப் பார்க்கட்டும் என்றார்கள். சரி, தான் வெட்டியது என்ன இரும்பு என்றே சொல்லப்படாத ஒருவர் எப்படி அப்படி நினைப்பார்?

போகும்போது மட்டும் எல்லாச் சோதனையும் உண்டு. வளைகுடாவுக்கு மெடிக்கல் எடுத்தவர்களைக் கேளுங்கள், ரத்தம், சிறுநீர், எக்ஸ்ரே, எச்ஐவி, மஞ்சள் காமாலை எல்லாம் பார்ப்பார்கள், எக்ஸ்ரேயில் பழைய டிபி தழும்பு தெரிந்தால்கூட அன்ஃபிட் என்று திருப்பி அனுப்புவார்கள். எங்களிடமிருந்து அவர்களுக்கு எந்த நோயும் போய்விடக் கூடாது. சரி, அது அவர்கள் உரிமை. அங்கிருந்து எங்கள் ஆள் எதைச் சுமந்து வருகிறார் என்று பார்க்க வேண்டியது யார்? கட்டாயக் காப்பீடு இருக்கிறது, விபத்தில் இறந்தால் 10 லட்சம் ரூபாய். ஊர் திரும்பிப் பத்து வருஷம் கழித்து வரும் நோய்க்கு அந்தப் பாலிசி எதற்கு ஆகும், அதற்குள் அதன் தேதியே முடிந்திருக்கும். 2004இல் இராக்கில் ஆட்களைக் கடத்தியபோது அங்கே போகவே கூடாது என்று தடை போட்டீர்கள். துப்பாக்கியும் குண்டும் உங்களுக்கு ஆபத்தாகத் தெரிகின்றன, குண்டு விழுந்து அடங்கிய பிறகு கிளம்பும் தூசி மட்டும் தெரியவில்லை.

யுரேனியம் இதில் ஒரு பகுதிதான். இராக்கில் அமெரிக்க முகாம்களில் பிளாஸ்டிக், பேட்டரி, ஆஸ்பத்திரிக் கழிவு எல்லாவற்றையும் திறந்த குழியில் போட்டு விமான எரிபொருள் ஊற்றி எரித்தார்கள். அந்தப் புகையைச் சுவாசித்த தங்கள் வீரர்களுக்காக அமெரிக்கர்கள் 2022இல் தனியாக ஒரு சட்டமே கொண்டுவந்தார்கள், 20க்கும் மேற்பட்ட நோய்களுக்கு, புகையால்தான் வந்தது என்று வீரர் தனியாக நிரூபிக்க வேண்டியதில்லை. அதே முகாம்களில் சமைத்தவர்கள், கூட்டியவர்கள், துணி துவைத்தவர்களில் எத்தனையோ பேர் இந்தியர்கள், நேபாளிகள், பிலிப்பைன்ஸ்காரர்கள். அந்தச் சட்டத்தில் அவர்களுக்கு இடமில்லை. காசாவில் மட்டும் 3.9 கோடி டன் இடிபாடு கிடக்கிறது, அதில் ஆஸ்பெஸ்டாஸும் வெடிக்காத குண்டும் கலந்திருக்கின்றன என்று ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2024 ஜூனிலேயே சொன்னது. 2023இல் உக்ரைனுக்கு முதலில் பிரிட்டனும் அப்புறம் அமெரிக்காவும் யுரேனியக் குண்டு கொடுத்தன. எந்த நாடு எந்த நாட்டைச் சுட்டாலும் கடைசியில் அந்தக் குப்பையை அள்ள உசிலம்பட்டியிலிருந்தும் சிவகங்கையிலிருந்தும் ஒருவர் கடன் வாங்கி ஏஜென்டுக்குக் கட்டிவிட்டுப் போவார். அந்நியச் செலாவணிக் கணக்கு சொல்லும்போது அவர்தான் நாட்டின் பெருமை. நோயோடு திரும்பி வந்தால் அவருக்கு ஒரு படிவம்கூட இல்லை.

கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன், மன்னியுங்கள். கேட்க வந்ததைத் திரும்பவும் மரியாதையாகவே கேட்கிறேன். பதிவும் சோதனையும் வேண்டும். புறப்படும் முன், போகிற இடத்தில் எந்தப் போர் நடந்தது, எந்த ஆயுதம் பயன்பட்டது, எதைத் தொடக் கூடாது என்று தமிழில் ஒரு தாள் கொடுங்கள். அதைப் படித்தால் ஆட்கள் பயந்து போகாமல் இருந்துவிடுவார்கள் என்று தயங்காதீர்கள். அரிட்டாபட்டிப் பக்கம் டங்ஸ்டன் சுரங்கம் வருகிறது என்று தெரிந்ததும் இந்த மேலூர்ச் சனம் படித்துப் பார்த்து, விவரம் புரிந்து, மதுரை வரைக்கும் நடந்து போய்க் கேட்டது, 2025 ஜனவரியில் அந்த ஏலம் ரத்தானது. சொன்னால் எங்களுக்குப் புரியும்.

இன்னொரு விஷயம், சோதனையை எப்படிச் செய்வது என்பது பற்றி. சிறுநீரில் யுரேனியம் எவ்வளவு என்று மட்டும் பார்த்தால் எங்கள் பக்கம் போதாது. மதுரை மாவட்டம் பாறை பூமி, எங்கள் ஆழ்குழாய்த் தண்ணீரிலேயே இயற்கை யுரேனியம் கொஞ்சம் உண்டு. அதைக் காட்டி, ஊர்த் தண்ணீரில் வந்தது என்று முடித்துவிடலாம். யுரேனியத்தில் 235, 238 என்று இரண்டு வகை உண்டு, அவற்றுக்கு இடையே உள்ள விகிதத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பாறையிலிருந்து வந்தது என்றால் 235 சுமார் 0.7 சதவீதம் இருக்கும், குண்டிலிருந்து வந்தது என்றால் 0.2 பக்கம் இறங்கிவிடும். காலம் போய்விட்டது, இனி என்ன தெரியப்போகிறது என்றும் சொல்ல வேண்டாம். நியூயார்க் மாகாணத்தில் கொலனி என்ற ஊரில், செறிவு குறைந்த இந்த யுரேனியத்தில் வேலை பார்த்துவந்த ஆலை ஒன்றை மூடி 20 ஆண்டு கழிந்த பிறகும், அங்கே வேலை பார்த்தவர்களின் சிறுநீரில் அது இருந்ததைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு நாளாக ஆகச் சிறுநீர் வருவதே நின்றுபோகும். சித்தப்பாவுக்கு இன்னும் கொஞ்சம் வருகிறது. எந்த ஆய்வகத்துக்குக் கொண்டுவர வேண்டும், எந்தப் பாட்டிலில் எடுக்க வேண்டும் என்று மட்டும் தயவுசெய்து எழுதுங்கள், நாங்களே கொண்டுவந்து கொடுத்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
குவைத்தில் வேலை பார்த்த ஒருவரின் அண்ணன் மகள்,
மேலூர்.