பொன்னியின் செல்வனை அச்சிடும் பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பதிப்பாளர் பெருமக்களுக்கு,

வணக்கம். கடலூரிலிருந்து எழுதுகிறேன். 2022 செப்டம்பரில் படம் வெளியான பிறகு பொன்னியின் செல்வன் எந்த வேகத்தில் விற்கிறது என்பதை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. எங்களைப் போன்ற பழைய வாசகர்களுக்கு அதில் பொறாமை என்று ஒரு பேச்சு இருக்கிறது. நாங்கள் பொத்திப் பொத்தி வைத்திருந்ததை ஊரே எடுத்துக்கொண்டதாம், அதனால் முகம் சுளிக்கிறோமாம். என் வரையில் அது பொய். நந்தினி நல்லவளா கெட்டவளா என்று ஷேர் ஆட்டோவில் இரண்டு பையன்கள் மல்லுக்கு நின்றபோது, இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டியது தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தவள் நான். வாரா வாரம் கல்கி இதழிலிருந்து தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, ஓவியர் மணியத்தின் படங்களோடு பைண்டு செய்து வைத்தவர் என் அம்மா. அவர் இருந்திருந்தால் அந்தப் பையன்களோடு தானும் வாதாடியிருப்பார்.

என் கோபம் வேறு. நீங்கள் என்ன விற்கிறீர்கள் என்பதில்தான் கோபம்.

புதுச்சேரியில் ஒரு புத்தகக் கண்காட்சியில் என் அண்ணன் மகள் தன் கைக்காசில் பொன்னியின் செல்வன் வாங்கினாள். ஒரே தொகுதி. 'ஐந்து பாகங்களும் அடங்கியது' என்று அட்டையில் பெரிய எழுத்து. கல்லூரியில் படிக்கிற பெண், தமிழில் அவள் எடுத்த முதல் பெரிய நாவல் இது. பாதி படித்திருந்தபோது ஆடி மாதம் வந்தது. வீராணம் ஏரியைக் காட்டலாம் என்று சிதம்பரம் வழியாக பஸ்ஸில் அழைத்துப் போனேன். லால்பேட்டையில் இறங்கிக் கரை ஏறினோம். எதிர்க்கரை மங்கலாகத்தான் தெரிந்தது, காற்றில் அலை அடித்துக்கொண்டிருந்தது. கதாநாயகன் வந்தியத்தேவன் குதிரையில் வந்த கரை இதுதான் என்றேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்து, "கதையில ஏரி எங்க அத்தை வருது?" என்றாள்.

பையிலிருந்து அவள் புத்தகத்தை வாங்கி அங்கேயே பிரித்தேன். முதல் அத்தியாயத்தின் ஆடித்திருநாள் என்ற தலைப்பு இருந்தது. அதன் கீழே ஒரு பத்தி. அடுத்த பத்தியிலேயே வந்தியத்தேவன் கடம்பூர் மாளிகை வாசலில் நிற்கிறான். சோழ இளவரசர் ராஜாதித்தர் தன் படையோடு திருமுனைப்பாடி நாட்டில் தங்கியிருந்தபோது, கொள்ளிடத்து வெள்ளம் வீணாகக் கடலுக்குப் போகிறதே என்று வீரர்களைக் கொண்டு இந்த ஏரியை வெட்டிய கதை இல்லை. தன் தந்தை பராந்தகரின் வீரநாராயணன் என்ற விருதுப் பெயரை ஏரிக்குச் சூட்டியது இல்லை. 74 கணவாய்களிலும், அதாவது மதகுகளிலும், தண்ணீர் குபுகுபுவென்று பாய்வதும், பெண்கள் சித்திரான்னம் கட்டிக்கொண்டு கரைக்கு வருவதும் இல்லை. விண்ணகரக் கோயில் அத்தியாயம் மொத்தமாகவே காணோம். அடிக்குறிப்பு ஒன்றுகூட இல்லை. எங்கள் மாவட்டத்து மண்ணில் கல்கி தொடங்கிய கதையை, அந்த மண்ணில் நின்றுகொண்டிருந்த பெண்ணிடமிருந்தே வெட்டி எடுத்துவிட்டீர்கள். வெட்டியிருக்கிறோம் என்று அட்டையிலோ உள்ளேயோ ஒரு வரி கிடையாது. அவள் கையில் இருப்பதுதான் கல்கி என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள். "அவ்வளவு ஆஹா ஓஹோன்னு சொல்றாங்களே, சும்மா ஓடிக்கிட்டே இருக்கு" என்று ஒருமுறை என்னிடம் குறைப்பட்டிருக்கிறாள். அந்தக் குறை கல்கியின் மேல் விழுந்துவிட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சுருக்கிப் போடுவது குற்றம் என்று நான் சொல்லவில்லை. சிறுவர்களுக்குச் சுருக்கம் வேண்டும், நேரம் இல்லாதவர்களுக்கும் வேண்டும். சுருக்கியதை முழு நாவல் என்று விற்காதீர்கள் என்பதே என் கோரிக்கை. முழு நாவலில் ஐந்து பாகங்களிலுமாக 293 அத்தியாயங்கள் உண்டு: புது வெள்ளத்தில் 57, சுழற்காற்றில் 53, கொலை வாளில் 46, மணிமகுடத்தில் 46, தியாகச் சிகரத்தில் 91. அண்ணன் மகள் வைத்திருந்த புத்தகத்தில் அத்தியாயங்களுக்கு எண்ணே போடவில்லை. எண் போட்டால் எண்ணிப் பார்த்துவிடுவோம் அல்லவா?

கல்கியின் நூல்கள் 1999-இல் நாட்டுடைமை ஆயின. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், ஆசிரியர் குடும்பத்துக்கு உரிமைத் தொகை தர வேண்டியதில்லை. மலிவு விலையில் எல்லார் வீட்டுக்கும் போய்ச் சேரட்டும் என்று கொடுக்கப்பட்ட சலுகை அது. அந்தச் சலுகையில் மிச்சமான பணத்தில் ஒரு மெய்ப்புத் திருத்துநரை வைத்துக்கொள்ளக் கூடாதா? பழுவேட்டரையர் ஒரு பக்கத்தில் பழுவேட்டையர், அடுத்த பக்கத்தில் பழுவேட்டரயர். ஆழ்வார்க்கடியான் பாடும் பாசுரம் சீர் பிரியாமல் உரைநடை போல ஓடுகிறது. கதை முடிந்த பிறகு வாசகர்கள் விடாமல் கேட்டதற்காகப் பாத்திரங்கள் பின்னால் என்ன ஆனார்கள் என்று கல்கியே எழுதிய முடிவுரையையும் தூக்கிவிட்டீர்கள்.

உங்களை மட்டும் சொல்லி என்ன. காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில், சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று ரவிதாசனையும் அவன் உடன்பிறந்தவர்களையும் பெயர் சொல்லிக் காட்டும் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. நாவலின் முடிச்சே அந்தக் கல்லில் இருக்கிறது. படம் பார்த்துவிட்டுத் தஞ்சாவூருக்கு வண்டி எடுத்துக்கொண்டு போகிறவர்களுக்கு, வழியில் இப்படி ஒன்று இருப்பதைச் சொல்ல ஆள் இல்லை. மேலக்கடம்பூர்க் கோயிலை, தேர் போல வடித்த அந்தக் கருவறையை, எத்தனை பேர் எட்டிப் பார்க்கிறார்கள்? வீராணத்துத் தண்ணீர் 2004-லிருந்து குழாயில் சென்னைக்குப் போகிறது. குடிக்கிறவர்களுக்கு அது வீரநாராயண ஏரி என்று தெரியுமா? இதையெல்லாம் தெரிந்துகொள்ள இருந்த ஒரே வாசல் அந்த முதல் அத்தியாயம். அதையும் அடைத்துவிட்டால் புதிதாக வருகிற பிள்ளைகள் எந்த வழியாக உள்ளே வருவார்கள்?

கடுமையாக எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். சுருக்கிய பதிப்பானால் 'சுருக்கப்பட்டது' என்று முன்னட்டையில், தலைப்புக்குக் கீழேயே, கண்ணுக்குத் தெரிகிற அளவில் போடுங்கள். முழுப் பதிப்பானால் 293 அத்தியாயங்களையும் எண்ணோடு, அடிக்குறிப்புகளோடு, முடிவுரையோடு போடுங்கள். ஏற்கெனவே வாங்கி ஏமாந்தவர்கள் புத்தகத்தைத் திருப்பிக் கொண்டுவந்தால் மாற்றிக் கொடுங்கள்.

மெய்ப்புப் பார்க்க ஆள் கிடைக்கவில்லை என்றால் எங்களுக்கு அனுப்புங்கள். அம்மாவின் பைண்டு வால்யூம்கள் ஐந்தும் என் அலமாரியில் இருக்கின்றன. தையலுக்குள் மாட்டி ஓர எழுத்துகள் சில மறைந்திருக்கும், மற்றபடி முழுசாக இருக்கின்றன. வரிக்கு வரி ஒப்பிட்டுத் திருத்தித் தர இந்த ஊரில் என்னோடு உட்காரப் பழைய வாசகர்கள் இருக்கிறார்கள். கூலி வேண்டாம். அடுத்த அச்சுக்குப் போகும் முன் சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்