அந்த வரி வாஷிங்டனுடையது இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை காபியோடு, இரண்டாம் முறை காபி ஆறிப்போன பிறகு. அமெரிக்கச் சுதந்திரப் போர் முடிந்தபின் அவருக்கு வந்து குவிந்த கடிதங்கள் பெரும்பாலும் வேலை கேட்ட மனுக்களாம். சரித்திரம் அவர் எழுதிய பதில்களில்தான் இருக்கிறதாம். அதற்குச் சான்றாக நியூபோர்ட் நகரத்து யூதர்களுக்கு அவர் எழுதிய பதிலிலிருந்து ஒரு வரியை எடுத்துக் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறீர்கள்: ‘மதவெறிக்கு ஆதரவில்லை, துன்புறுத்தலுக்குத் துணையில்லை.’ என்ன மனசு, என்ன வாசகம் என்று கட்டுரையாளர் உருகியும் இருக்கிறார்.

அந்த வாசகம் வாஷிங்டன் யோசித்து எழுதியது இல்லை ஐயா. அவருக்கு வந்த கடிதத்தில் இருந்தது.

உங்களுக்குத் தெரியாததல்ல, இருந்தாலும் சொல்கிறேன். 1790 ஆகஸ்டில் அவர் ரோட் ஐலண்டுக்குப் போனார். 13 மாநிலங்களில் கடைசியாக, அந்த வருஷம் மே மாதம்தான் புதிய அரசியல் சட்டத்துக்குச் சரி என்ற மாநிலம் அது. அங்கே நியூபோர்ட்டில் யூத சபையின் பொறுப்பாளர் மோசஸ் சேஷஸ் ஒரு வரவேற்புக் கடிதம் கொடுத்தார். ஆகஸ்ட் 17 தேதியிட்டது. குடிமக்களுக்குரிய உரிமைகள் இதுவரை எங்களுக்குக் கிடைக்கவில்லை, இப்போதோ மக்கள் எழுப்பிய ஓர் அரசைக் காண்கிறோம், அது மதவெறிக்கு ஆதரவு தராதது, துன்புறுத்தலுக்குத் துணை போகாதது என்று எழுதினார். வாஷிங்டன் பதிலில் அதை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டார். தன் பங்குக்கும் எழுதினார், இல்லை என்று சொல்லவில்லை. ஒரு கூட்டத்தார் பெரிய மனது பண்ணி இன்னொரு கூட்டத்தாரை விட்டுவைப்பது போல ‘சகிப்பு’ பேசுகிற காலம் போய்விட்டது என்று அதே பதிலில் இருக்கிறது. எனக்குக் கேட்டால் அதுதான் பெரிய வரி. அதை நீங்கள் போடவில்லை. இரவல் வரிதான் கொட்டை எழுத்தில் வந்திருக்கிறது.

கடிதம் எழுதினவரின் வரியை வேறொருவர் கணக்கில் ஏற்றுவது உங்கள் பத்திரிகைக்குப் புதிதும் இல்லை. நாலு வருஷத்துக்கு முன்னால், தபால் பெட்டியின் வாயில் குருவி கூடு கட்டியிருந்தால் அந்தத் தெருவில் ஒருவரும் கடிதம் எழுதவில்லை என்று அர்த்தம் என எழுதியிருந்தேன். என் கடிதம் அச்சில் வரவில்லை. மூன்று வாரம் கழித்து குருவி மட்டும் தலையங்கத்தில் வந்தது. நான் புகார் செய்யவில்லை. வாஷிங்டனாவது சேஷஸுக்குப் பதில் போட்டார்.

சரி, வேலை கேட்ட மனுக்களுக்கு வருவோம். நான் 31 வருஷம் தபால் வேலை பார்த்தவள், கடைசி 9 வருஷம் சப் போஸ்ட் மாஸ்டர். அதனால் இதில் எனக்குக் கொஞ்சம் கோபம் அதிகம். வாஷிங்டனுக்குக் கடிதங்கள் தொல்லையாக இருந்தது உண்மைதான். 1785 ஜனவரியில் நண்பர் ஹென்றி நாக்ஸிடம் அவரே அலுத்துக்கொள்கிறார். நண்பர்கள் எழுதுவது பாரமில்லை, எனக்குச் சம்பந்தமில்லாத பழைய சங்கதிகளைக் கிளறுகிறார்கள், செய்ய முடியாததைக் கேட்கிறார்கள், சரித்திர ஆசிரியனின் பேனா வேண்டிய கேள்விகளெல்லாம் கேட்கிறார்கள் என்று. அந்தக் காலத்தில் தபால் கூலியைப் பெரும்பாலும் கடிதம் வாங்குகிறவர்தான் கொடுக்க வேண்டும், நம் பேரிங் கவர் மாதிரி. இவருக்கு மட்டும் அது வேண்டாம் என்று 1784இல் காங்கிரஸ், அதாவது அந்த நாட்டு நாடாளுமன்றம், தீர்மானம் போட்டது. அப்புறம் யார்தான் எழுத மாட்டார்கள்?

ஆனால் அந்த மனுக்களில் ஒன்றைப் பிரித்துப் பார்த்திருக்கலாம். பால்டிமோரில் மேரி கேதரின் காடர்ட் என்று ஒரு பெண். 1775 முதல் அந்த ஊர் போஸ்ட் மாஸ்டர், அச்சகமும் நடத்தினார். சுதந்திரப் பிரகடனத்தைக் கையெழுத்திட்டவர்களின் பெயர்களோடு முதன்முதலில், 1777 ஜனவரியில், அச்சிட்டது அவர்தான். போர்க்காலத்தில் குதிரைத் தபால்காரர்களுக்குக் கைக்காசு போட்டுச் சம்பளம் கொடுத்தார். நாடு நிலைபெற்றதும், 1789இல், அவரை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். காரணம் என்ன தெரியுமா? வேலையில் இனிப் பயணம் அதிகமாம், ஒரு பெண்ணால் ஆகாதாம். ஊரில் 200 பேருக்கு மேல் அவருக்காகக் கையெழுத்துப் போட்டார்கள். அவரும் வாஷிங்டனுக்கு எழுதினார், டிசம்பர் 23ஆம் தேதி. ஆறு வருஷத்துக்கு முன்னால் அதே டிசம்பர் 23இல்தான் அனாபொலிஸில் வாஷிங்டன் தளபதி பதவியைத் திருப்பிக் கொடுத்து உலகத்தின் வாழ்த்தைப் பெற்றார். இந்த அம்மாளுக்கு வந்த பதில், இந்த நியமனங்களில் நான் தலையிடுவதில்லை என்பது. வேலை போனது போனதுதான். இதைத்தான் கட்டுரையாளர் ‘வேலை கேட்ட மனு’ என்று ஒதுக்குகிறார். அந்த அம்மாள் கேட்டது வேலையை இல்லை, தன் நாற்காலியை.

நான் சப் போஸ்ட் மாஸ்டரான முதல் வாரம் ஒரு பெரியவர் மணியார்டர் பணம் வாங்க வந்தார். கவுன்ட்டருக்குள் எட்டிப் பார்த்து, “போஸ்ட் மாஸ்டர் இல்லையாம்மா?” என்றார். நான்தான் என்றேன். “சரிம்மா, அவர் வரட்டும்” என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தார். 212 வருஷம் தள்ளிப் பிறந்த எனக்கே இது என்றால், காடர்ட் பட்டதைக் கேட்கவா வேண்டும்?

வேலை கேட்காத கடிதங்களும் உண்டே. அமெரிக்கப் பூர்வகுடியான செனிகா இனத்தின் தலைவர் கார்ன்பிளாண்டர் 1790 டிசம்பரில் பிலடெல்ஃபியாவுக்கு வந்து எழுத்தில் கொடுத்தது இருக்கிறது. 1779இல் வாஷிங்டன் அனுப்பிய படை அவர்கள் ஊர்களையும் சோளக் கொல்லைகளையும் எரித்தது. உங்களை ஊர்களை அழிப்பவர் என்று அழைத்தோம், இன்றும் அந்தப் பெயரைக் கேட்டால் எங்கள் பெண்கள் திரும்பிப் பார்த்து வெளிறிப்போகிறார்கள், பிள்ளைகள் தாயின் கழுத்தைக் கட்டிக்கொள்கிறார்கள் என்று நேருக்கு நேர் சொன்னார். சரித்திரம் பதிலில் மட்டும் இருக்கிறது என்றால் இதை எங்கே கொண்டுபோய் வைப்பது? 1796இல் லிவர்பூலிலிருந்து எட்வர்ட் ரஷ்டன் என்ற பார்வையிழந்த கவிஞர், விடுதலைக்குப் போரிட்ட நீங்கள் அடிமைகளை வைத்திருக்கலாமா என்று கேட்டு எழுதினார். அந்தக் கடிதத்தை ஓர் உறையில் போட்டு, ஒரு சொல்கூட எழுதாமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பதிலே இல்லாத இடத்திலும் சரித்திரம் இருந்திருக்கிறது, பாருங்கள். ரஷ்டன் மறு வருஷமே அதை அச்சிட்டு வெளியிட்டார். நானும் அச்சகத்துக்குப் போகலாம், ஆனால் பென்ஷன் இடம் கொடுக்காது.

நான் கேட்பது ஒரு திருத்தம். அடுத்த இதழில், அந்த வாசகத்தை முதலில் எழுதியவர் மோசஸ் சேஷஸ் என்று இரண்டு வரி. கொட்டை எழுத்து வேண்டாம், ரயில் நேரம் போடுகிற பொடி எழுத்தே போதும். இந்தக் கடிதத்தைப் போடுவதானால் இடம் கருதி வெட்டுவீர்கள், தெரியும். குருவியை வெட்டிக்கொள்ளுங்கள். காடர்டை விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகி, திருநெல்வேலி மாவட்டம்
(பெயரும் முகவரியும் உறையின் பின்பக்கம், பின்கோடோடு.)