விடையை மட்டும் ஒட்டாதீர்கள்: நீலகிரி வாசகர் வட்டங்களுக்கு ஒரு திறந்த மடல்

நீலகிரி மாவட்டக் கிளை நூலகங்களிலும் ஊர்ப்புற நூலகங்களிலும் வாசகர் வட்டம் நடத்தும் அன்பர்களுக்கு,

வணக்கம். அறிவிப்புப் பலகையில் சங்கேதக் குறுக்கெழுத்து (நேர்ப்பொருளோடு சொல்விளையாட்டும் சேர்ந்து விடைக்கு வழிகாட்டும் புதிர்) ஒட்டுகிற வட்டங்களுக்கும், இனி ஒட்ட நினைக்கிற வட்டங்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம். எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். விடைத்தாள் என்று நிரப்பிய கட்டத்தை மட்டும் ஒட்டாதீர்கள். ஒவ்வொரு குறிப்பும் எந்த வழியாக அந்த விடைக்குப் போகிறது என்பதையும் எழுதி ஒட்டுங்கள்.

ஏன் என்பதற்கு ஒரு குறிப்பைப் பாருங்கள்:

காவிரி கலங்கிய ஆண்டு (3)

அடைப்புக்குறியில் உள்ள எண் விடையின் எழுத்துக் கணக்கு. விடை 'விகாரி'. இதை மட்டும் பலகையில் பார்க்கிற வாசகர் என்ன நினைப்பார்? விகாரி என்ற தமிழ் ஆண்டு 2019 ஏப்ரலில் பிறந்தது. அந்த ஆகஸ்டில் அவலாஞ்சியில் கொட்டிய மழை இந்த மலையில் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அந்தத் தண்ணீர் குந்தா வழியே பவானிக்கும், பவானி வழியே காவிரிக்கும் போவதும் தெரியும். "ஓகோ, பொது அறிவுக் கேள்வி" என்று முடிவுகட்டிவிடுவார். அடுத்த வாரம் அதே கண்ணோடு வந்து, ஒரு கட்டமும் நிரம்பாமல் திரும்பிப் போவார். உண்மையில் இங்கே மழைக்கு வேலையே இல்லை. 'ஆண்டு' என்பது நேர்ப்பொருள், அதாவது விடையின் பொருளை நேராகச் சொல்லும் பகுதி. 'காவிரி' மூலச்சொல், அதாவது விடைக்கு எழுத்து தரும் சொல். 'கலங்கிய' என்பது எழுத்துகளைக் கலைக்கச் சொல்லும் சைகை. கா, வி, ரி மூன்றையும் இடம் மாற்றினால் வி, கா, ரி. மூன்று எழுத்தை ஆறு விதமாக அடுக்கலாம். ஆண்டின் பெயராக நிற்பது அதில் ஒன்றுதான். இந்த நான்கைந்து வரி பலகையில் இருந்தால், அதே வாசகர் அடுத்த வாரம் 'குழம்பிய', 'சிதறிய', 'ஆடிய' என்று எதைப் பார்த்தாலும் நின்று யோசிப்பார்.

நம் வார இதழ்க் குறுக்கெழுத்தில் பழகியவர்களுக்கு இன்னொரு தடை உண்டு. இதை வட்டங்கள் கவனிப்பதே இல்லை. இதழ்ப் புதிரில் 'கலைந்துள்ளது', 'திரும்பியுள்ளது', 'தலையில்லை' என்று போட்டிருந்தால், விடையையே கலைத்தோ திருப்பியோ கட்டத்தில் எழுத வேண்டும். சங்கேதப் புதிரில் கலைப்பு குறிப்புக்குள்ளேயே முடிந்துவிடும்; கட்டத்தில் விடை நேராகத்தான் உட்காரும். இதைத் தாளின் தலைப்பிலேயே ஒரு வரியில் எழுதாவிட்டால் பாதிப் பேர் 'விகாரி'யைக் கண்டுபிடித்த பிறகும் கட்டத்தில் 'காவிரி' என்றே எழுதுவார்கள். 1971இல் தி இந்து நாளிதழ் ஆங்கிலச் சங்கேதக் குறுக்கெழுத்தைத் தொடங்கியதிலிருந்து அதை அவிழ்த்துப் பழகியவர்களுக்கு இந்தக் குழப்பம் வராது. ஆனால் எழுத்து என்றால் எது என்பதில் அவர்களும் தடுக்கி விழுகிறார்கள்.

தமிழில் அலகு முழு எழுத்து. 'கா' என்பது ஒன்று. க் என்றும் ஆ என்றும் பிரிக்கக் கூடாது. ஒற்றும் ஓர் எழுத்து, அதற்கும் ஒரு கட்டம். குன்னூர் என்றால் கு, ன், னூ, ர் என்று நான்கு. கணினியில் எண்ணச் சொன்னால் எட்டு என்று காட்டும். கொம்பையும் புள்ளியையும் அது தனித்தனியாக எண்ணும். அடைப்புக்குறியில் போடும் எண்ணைக் கையால் எண்ணியே போடுங்கள். அந்த ஓர் எண் தவறினால் குறிப்பு முழுக்க வீண்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. கால், கொம்பு, புள்ளி என்று குறிப்பே பெயர் சொல்லிக் கேட்டால் எழுத்தின் உறுப்பில் கை வைக்கலாம்.

கால் ஒடிந்த மாலையில் தெரியும் குன்று (2)

மாலையின் துணைக்காலை ஒடித்தால் மலை. நெடிலைக் குறிலாக்கி வேறு சொல் காணும் இந்த வித்தைக்குச் சித்திரகவி என்னும் பழைய சொல்விளையாட்டுக் கவிதை வகையில் மாத்திரைச் சுருக்கம் என்றே பெயர் உண்டு. எழுத்தைக் குறைப்பது அக்கரச்சுதகம். ஒளித்து வைப்பது கரந்துறை. விளக்கம் எழுதுகிறவர்கள் இந்தப் பெயர்களையே பயன்படுத்தினால் நன்றாக இருக்கும். நம் வீட்டிலேயே இருக்கும் சொற்கள் இவை.

அதே 'கால்' இன்னொரு வேடத்திலும் வரும்.

கலைக்குள் கால் வைத்தால் வருத்தம் (3)

விடை 'கவலை'. 'கலை'க்குள் 'வ' போயிருக்கிறது. 'வ' எப்படிக் கால் ஆனது? தமிழ் எண்களில் கால் பங்கைக் குறிக்கும் எழுத்து அது. ஔவையார் பாடியதாகச் சொல்லப்படும் 'எட்டேகால் லட்சணமே' நினைவிருக்கும். எட்டு 'அ', கால் 'வ', ஆக 'அவலட்சணமே'. சங்கேதக் குறிப்பு எழுதும் கலை வெளியிலிருந்து வந்தது என்று நினைப்பவர்களுக்கு அந்த ஒரு வரி போதும். விளக்கத்தில் "வ = கால் (தமிழ் எண்)" என்று கட்டாயம் எழுதுங்கள். க ஒன்று, உ இரண்டு, ச நான்கு, ரு ஐந்து, எ ஏழு, அ எட்டு, ய பத்து என்ற சிறு பட்டியலைப் பலகையின் ஓரத்தில் நிரந்தரமாகவே ஒட்டிவைக்கலாம். அதை வைத்து இதைப் பாருங்கள்:

தோடர் குடியிருப்பில் மருந்து ஐந்து குறைகிறது (3)

'மருந்து' என்ற சொல்லில் 'ரு' குறைய, 'மந்து'. உதகைப் பக்கத்தில் எல்லோரும் அறிந்த சொல். சமவெளியிலிருந்து வந்தவருக்கும் சொல்விளையாட்டு விடையைக் கையில் கொடுத்துவிடும். வட்டாரச் சொல்லை இப்படித்தான் கையாள வேண்டும்: நேர்ப்பொருள் தெரியாதவருக்குச் சொல்விளையாட்டு எளிதாக இருக்கட்டும், குறுக்கே வெட்டும் சொற்களும் கை கொடுக்கட்டும்.

இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். 'குடியிருப்பில்' என்று உருபு ஒட்டியது நேர்ப்பொருளில். அதனால் கெடுதல் இல்லை. 'மருந்து' மட்டும் முழுசாக நிற்கிறது. மூலச்சொல்லின் எழுத்தை உருபு மாற்றிவிட்டால் குறிப்பு பொய்யாகிவிடும். 'திருகு' என்பதைத் திருப்பினால் 'குருதி' வரும். "திருகைப் பின்னோக்கிச் சுழற்ற ரத்தம்" என்று எழுதினால் திருப்ப வேண்டியது 'திருகை' ஆகிவிடுகிறது; விடை கிடைக்காது. "திருகு பின்னோக்கிச் சுழல ரத்தம் (3)" என்பதே சரி. 'கலைக்குள்' என்பதில் 'கலை' சிதையவில்லை, ஆகவே அது செல்லும். பலகைகளில் மிக அதிகமாகப் பார்க்கிற பிழை இதுதான்.

புணர்ச்சி அடுத்த சிக்கல். சொற்களைச் சேர்க்கும்போது இலக்கணப்படி சேர்ந்தால் போதும். உடம்படுமெய்க்கோ இரட்டித்த ஒற்றுக்கோ தனிச் சைகை தேவையில்லை.

தேய்ந்த குன்று, ஊர் சேர்ந்தால் மலைரயில் இன்ஜின் மாறும் இடம் (4)

குன்று கடைசி எழுத்து தேய்ந்து 'குன்'. அதோடு 'ஊர்' சேர, தனிக்குறில்முன் ஒற்று உயிர் வரின் இரட்டும் என்ற நன்னூல் விதிப்படி 'குன்னூர்'. விளக்கத்தில் விதியையும் ஒரு வரியில் சொல்லுங்கள். பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்து மறந்த சூத்திரம் வேலை செய்வதை நேரில் பார்ப்பார்கள்.

சேர்க்கைக் குறிப்பில் சோம்பலும் எளிதில் நுழையும். "தே, இலை சேர்ந்து குன்னூர்ச் சரிவில் விளையும்" என்றால் அது புதிரே அல்ல. சொல் பிறந்த வழியையே திரும்பச் சொல்கிறது. வேறு பொருளில் உடைக்க வேண்டும்:

படம் தீட்டு, நடனமிடு, முக்குருத்தி விலங்கே (4)

வரை, ஆடு இரண்டும் இங்கே ஏவல் வினைகள். சேர்ந்தால் நம் மாநில விலங்கு. விடையில் வரை மலையாகவும் ஆடு விலங்காகவும் மாறி நிற்பதைக் காணும்போது வருகிற மகிழ்ச்சிக்காகத்தான் இத்தனை பாடும். அதை விளக்கம் இல்லாத விடைத்தாள் முழுக்கப் பறித்துவிடுகிறது.

கரந்துறைக்கு ஓர் எல்லை உண்டு. "அப்பா தையலில் மறைத்த வழி (2)" என்பதில் அப்'பா தை'யலில் பாதை இருக்கிறது. ஆனால் 'உதகை'யையோ 'அவலாஞ்சி'யையோ இப்படிச் சொற்களின் நடுவில் ஒளிக்க முடியாது. உயிரெழுத்து தமிழ்ச் சொல்லின் தொடக்கத்தில்தான் வரும், நடுவில் வராது. கட்டம் அமைக்கும்போதும் இதே கணக்கு: ஒரு கட்டத்தில் உயிரெழுத்து விழுந்து அங்கே இரு சொற்கள் வெட்டிக்கொண்டால் இரண்டுமே அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். எண் இட்ட தொடக்கக் கட்டத்தில் ஒற்று வரக் கூடாது. வல்லின ஒற்றில் தமிழ்ச் சொல் முடியாது. கடைசிக் கட்டத்தில் 'ட்' விழுந்துவிட்டால் கேரட்டும் பீட்ரூட்டும்தான் காப்பாற்றும். முதல் முறை அமைப்பவர்கள் ஒன்பதுக்கு ஒன்பது கட்டத்தில் தொடங்கி, ஒற்றுகளை வெட்டு விழாத கட்டங்களுக்குத் தள்ளிவிட்டால் பாதிப் பாரம் குறையும்.

இருபொருள் குறிப்புக்கு விளக்கம் சிறியதே போதும். "பன்னிரண்டு ஆண்டுக்கொரு முறை பூக்கும் ராகம் (4)": பூ ஒன்று, ராகம் ஒன்று, இரண்டும் குறிஞ்சி.

இனி, விளக்கத்தாள். குறிப்பை முழுமையாக மறுபடி எழுதி, நேர்ப்பொருளுக்கு மட்டும் அடிக்கோடு இடுங்கள். அது எப்போதும் குறிப்பின் தொடக்கத்திலோ முடிவிலோ இருக்கும். நடுவில் இருந்தால் குறிப்பில் பிழை. கீழே மூலச்சொல், சைகை, சேர்ந்த விதம். 'கவலை'க்கு இப்படி: "கலை + வ (கால்), 'உள் வைத்தால்' சைகை, க(வ)லை." குறிப்பில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் வேலை காட்ட முடிகிறதா என்று பாருங்கள். வேலையில்லாத சொல் நின்றால் அதை எழுதியவரிடம் திருப்பிக் கொடுங்கள். வாசகர் யாராவது வேறு விடை சொல்லி, நேர்ப்பொருளும் சொல்விளையாட்டும் இரண்டுமே பொருந்தினால் அதையும் சரியென்று ஏற்று, தாளில் குறித்துவிடுங்கள்.

விளக்கத்தைப் பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். புதிரை ஒட்டும் நாளிலேயே எழுதி, உறையிலிட்டு நூலகரிடம் கொடுத்துவையுங்கள். எழுதும்போதே எந்தக் குறிப்பு நிற்காது என்று தெரிந்துவிடும். அதை அன்றே மாற்றலாம். ஏழாம் நாள் உறையைப் பிரித்துப் புதிரின் பக்கத்திலேயே ஒட்டுங்கள். பழைய புதிரைக் கிழித்துவிட்டு விடையை மட்டும் ஒட்டினால் ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. இரண்டு தாளும் இன்னும் ஒரு வாரம் சேர்ந்து இருக்கட்டும். மழை நாளில் நூலகம் வர முடியாதவர்களும் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
கோத்தகிரி, குன்னூர், உதகைப் பகுதிகளில் குறுக்கெழுத்து அமைப்போரும் அவிழ்ப்போரும்