மோசமான ஓர் ஆண்டில் நம் கையிலிருந்து எவ்வளவு போகும்?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த மருத்துவக் காப்பீட்டு வழிகாட்டியைப் படித்தேன். பிரீமியம், காப்பீட்டுத் தொகை, நிறுவனத்தோடு ஒப்பந்தம் உள்ள நெட்வொர்க் மருத்துவமனைகளின் எண்ணிக்கை என்று மூன்று கட்டங்கள் போட்டு பாலிசிகளை ஒப்பிட்டிருந்தீர்கள். குறைந்த பிரீமியத்தில் பெரிய தொகை தருவதை எடுத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் கட்டுரையின் சாரம். மருத்துவமனை பில்லிங் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எனக்கு, முக்கியமான கட்டமே அதில் இல்லை என்று பட்டது. மிக மோசமான ஓர் ஆண்டில், காப்பீடு தருவதெல்லாம் தந்த பிறகு, என் கையிலிருந்து அதிகபட்சம் எவ்வளவு போகும்? பாலிசி வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. அட்டவணையில் இதற்குப் பதில் இல்லை.

காப்பீட்டுத் தொகை என்பது நிறுவனத்தின் பொறுப்புக்குப் போட்ட வரம்பு. நம் பொறுப்புக்கு அது வரம்பு அல்ல. டிஸ்சார்ஜ் அன்று கவுன்டரில் நடக்கும் வாக்குவாதங்களில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்கும். "இவ்வளவுக்கு பாலிசி இருக்கிறது, பில் அதில் பாதிகூட வரவில்லை, அப்புறம் நான் ஏன் கட்ட வேண்டும்?" என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பதில் பாலிசியின் உள்பக்கங்களில் இருக்கும், அதை யாரும் அன்றைக்கு முன்னால் திறந்திருக்க மாட்டார்கள்.

அறை வாடகை வரம்பை எடுத்துக்கொள்வோம். சில பாலிசிகளில் ஒரு நாள் வாடகைக்கு இவ்வளவுதான் என்று எல்லை இருக்கும். அதைவிட இரண்டு மடங்கு வாடகையுள்ள அறையில் நோயாளி சேர்கிறார் என்று வையுங்கள். வாடகையில் உள்ள வித்தியாசத்தை மட்டும் கட்டினால் போதும் என்று குடும்பத்தார் நினைப்பார்கள். நடப்பது வேறு. அறைக்குத் தகுந்தபடி டாக்டர் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணம் எல்லாம் ஏறும் என்பதால், அவற்றுக்கு நிறுவனம் தரும் தொகையையும் அதே விகிதத்தில் பாதியாகக் குறைத்துவிடுவார்கள். மருந்து போன்ற சில இனங்களுக்கு விலக்கு இருக்கலாம். மற்றபடி, நல்ல காற்றோட்டமாக இருக்கட்டும் என்று எடுத்த அறை மொத்த பில்லையும் பதம் பார்த்துவிடும். சேரும்போதே அட்மிஷன் மேசையில் "என் பாலிசிக்கு எந்த அறை வரை பாதகமில்லை?" என்று கேட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அந்தப் பதற்றத்தில் யாருக்கும் கேட்கத் தோன்றாது என்பதும் உண்மை.

அடுத்து கோ-பே, டிடக்டிபிள். இரண்டும் ஒன்றுதான் என்ற தொனியில் கட்டுரை ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டது. இரண்டுக்கும் நிறைய வித்தியாசம் உண்டு. கோ-பே என்பது சதவீதம். 20 சதவீதம் நம் பங்கு என்றால், பில் பெருகப் பெருக நம் பங்கும் கூடவே பெருகும், எங்கேயும் நிற்காது. டிடக்டிபிள் என்பது ஒரு நிலையான தொகை. அதுவரை நாம், அதற்கு மேல் அவர்கள். பிரீமியம் குறைய வேண்டும் என்று இரண்டில் ஒன்றை ஏற்றுக்கொள்வதானால், நான் டிடக்டிபிளையே சொல்வேன். சிறிய பில்லில் கொஞ்சம் வலிக்கும், சரி. பெரிய பில்லில் அதுதான் காப்பாற்றும்.

இதே கணக்கு, ஓர் எல்லைக்கு மேல் போகும் செலவுக்கு மட்டும் பணம் தரும் டாப்-அப் பாலிசிகளிலும் வரும். சாதாரண டாப்-அப் ஒவ்வொரு அட்மிஷனையும் தனித்தனியாகப் பார்க்கும். சூப்பர் டாப்-அப் ஆண்டு முழுவதும் ஆன செலவைக் கூட்டிப் பார்க்கும். எல்லை 5 பங்கு என்றும், ஒரே ஆண்டில் இரண்டு முறை சேர்ந்து ஒவ்வொரு முறையும் 4 பங்கு செலவாகிறது என்றும் வைத்துக்கொள்வோம். சாதாரண டாப்-அப் ஒன்றும் தராது. சூப்பர் டாப்-அப் 3 பங்கு தரும். நீண்டகால நோய் உள்ளவர்கள் அடிக்கடி சேர்ந்து வெளியே வருபவர்கள் என்பதால், அவர்களுக்கு 'சூப்பர்' என்ற இந்த ஒரு சொல்லில்தான் பாலிசியின் பயனே இருக்கிறது.

செலவில் நோயாளிக்கும் பங்கு இருக்க வேண்டும் என்று வாதிடுபவர்கள் அமெரிக்காவில் ராண்ட் என்ற ஆய்வு அமைப்பு நடத்திய பரிசோதனையை மேற்கோள் காட்டுவது வழக்கம். 1974 முதல் 1982 வரை ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பல திட்டங்களில் பிரித்து வைத்துப் பார்த்தார்கள். சிலருக்கு முழு இலவசம், சிலருக்கு 25, 50, 95 சதவீதம் வரை சொந்தப் பணம். அதிகப் பங்கு கட்டியவர்கள் குறைவாகவே மருத்துவம் பார்த்துக்கொண்டார்கள். சராசரியாக உடல்நலத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இதுவரை எல்லோரும் சொல்வார்கள். தேவையற்ற சிகிச்சையோடு தேவையான சிகிச்சையையும் மக்கள் ஏறக்குறைய சம அளவில் குறைத்துக்கொண்டார்கள், ஏழைகளில் ரத்த அழுத்தம் இருந்தவர்கள் பாதிக்கப்பட்டார்கள் என்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை. இன்னொன்றும் உண்டு. 95 சதவீதம் கட்டிய குடும்பங்களுக்குக்கூட ஆண்டுக்கு இவ்வளவுக்கு மேல் கட்ட வேண்டாம் என்று வருமானத்தைப் பொறுத்து ஓர் உச்சவரம்பு இருந்தது. அதை விட்டுவிட்டு 'நோயாளியும் பங்கு போட வேண்டும்' என்பதை மட்டும் எடுத்துக்கொண்டால், அது அந்தப் பரிசோதனை சொன்ன பாடமாக இருக்காது. அதே நாட்டில் 2010இல் வந்த சட்டம், 2014 முதல் பெரும்பாலான திட்டங்களில் இப்படியோர் ஆண்டு வரம்பைக் கட்டாயமாக்கியது.

நமக்கு எவ்வளவு தாங்கும் என்று எப்படி முடிவு செய்வது? உலக சுகாதார நிறுவனமும் உலக வங்கியும் நெடுங்காலம் பயன்படுத்திய அளவுகோல் ஒன்று இருக்கிறது. குடும்பத்தின் மொத்தச் செலவில் அல்லது வருமானத்தில் 10 சதவீதத்துக்கு மேல் சொந்தப் பணம் மருத்துவத்துக்குப் போனால் அது பெருஞ்சுமை. 25 சதவீதத்தைத் தாண்டினால் மிகப் பெருஞ்சுமை. நாடுகளை ஒப்பிடுவதற்காகச் செய்த அளவுகோல்தான். ஆனாலும் வீட்டுக் கணக்குப் போடுகிறவருக்கும் இது கைகொடுக்கும். அந்த 10 சதவீதத்துக்குக் கையிருப்பு வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போகக்கூடியதற்கு பாலிசி தேடலாம்.

அதே இதழில் ஒரு வாசகர், பிரீமியத்தை மாதாமாதம் சேமித்தாலே போதும், காப்பீடே வேண்டாம் என்று எழுதியிருந்தார். காய்ச்சல், பல்வலி, கண்ணாடி மாற்றுவது இவற்றுக்கெல்லாம் அவர் சொல்வது முழுக்கச் சரி. அடிக்கடி வருகிற சிறு செலவைக் காப்பீட்டில் தள்ளினால், அந்தச் செலவோடு நிறுவனத்தின் நிர்வாகச் செலவையும் சேர்த்து நாமே பிரீமியமாகக் கட்டுவோம். ஆனால் சேமிப்பு வளர ஆண்டுகள் ஆகும். நோய் இரண்டாவது மாதமே வரலாம். அவருடைய யோசனையில் அதற்கு இடமில்லை.

பாலிசி வாங்கிய பிறகு சில நோய்களுக்குப் பணம் தராத காத்திருப்புக் காலத்தை நிறுவனங்களின் தந்திரம் என்று கட்டுரையாளர் சாடியிருப்பதும் ஓரளவுக்குத்தான் சரி. நோய் வந்த பிறகு பாலிசி வாங்கலாம் என்றால் ஆரோக்கியமானவர்கள் வாங்கவே மாட்டார்கள், பிரீமியம் ஏறும், இன்னும் பலர் விலகுவார்கள். பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், 65 வயதைத் தாண்டியவர்களுக்குக் காப்பீடு கிடைப்பது ஏன் கடினம் என்பதை இதை வைத்துத்தான் விளக்கினார். ஆகவே உடம்பு நன்றாக இருக்கும்போதே வாங்குவது, இடையில் விடாமல் புதுப்பிப்பது, இருக்கும் நோயை மறைக்காமல் எழுதுவது ஆகியவை முக்கியம். விண்ணப்பத்தை முகவர் நிரப்பினாலும் கையெழுத்து நம்முடையது. சர்க்கரை நோய்க் கட்டத்தில் 'இல்லை' என்று அவர் போட்டுவிட்டுப் போனால், க்ளைம் நிராகரிக்கப்படும்போது அவர் நம் பக்கத்தில் நிற்கமாட்டார். வேலை பார்க்கும் இடத்தில் தரும் குரூப் பாலிசியை மட்டும் நம்பியிருப்பவர்களுக்கும் இது பொருந்தும். வேலை போகும் நாளிலேயே பாலிசியும் போகலாம். அப்போது வயதும் ஏறியிருக்கும், புதிதாகக் காத்திருக்கவும் வேண்டியிருக்கும்.

மருத்துவமனையில் சேராமலே ஆகும் செலவைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்லும் இல்லை. சேர்க்கைக்கு மட்டும் பணம் தரும் பாலிசி, மாதாந்தர மாத்திரைக்கு ஆகாது. வேலைக்குப் போக முடியாத நாட்களின் சம்பளத்தையும் தராது. இங்கே நம் கையில் இருப்பவை சில கேள்விகள்தான். இதே மூலக்கூறில் ஜெனரிக் மருந்து உண்டா? இந்த ஸ்கேன் முடிவு என் சிகிச்சையை மாற்றுமா? டாக்டரிடம் இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு என்று தயங்குபவர்கள் உண்டு. 2012இல் அமெரிக்காவில் ஏபிஐஎம் என்ற மருத்துவ அறக்கட்டளை தொடங்கிய 'சூசிங் வைஸ்லி' என்ற இயக்கத்தில் மருத்துவச் சங்கங்களே சேர்ந்து, தங்கள் துறைகளில் தேவையில்லாமல் செய்யப்படும் சோதனைகளைப் பட்டியலிட்டன. ஆபத்தான அறிகுறி எதுவும் இல்லாத இடுப்பு வலிக்கு முதல் ஆறு வாரங்களில் ஸ்கேன் வேண்டாம் என்பது அதில் ஒன்று. டாக்டர்களே சொன்னதை நோயாளி கேட்டால் தவறில்லை.

அடுத்த முறை இத்தகைய அட்டவணை வெளியிடும்போது நான்காவதாக ஒரு கட்டம் சேர்க்க வேண்டுகிறேன். ஒரே பில்லை, பெரியதாக ஒன்றை, எல்லா பாலிசிகளிலும் ஓட்டிப் பார்த்து, கோ-பே, அறை வரம்பு, ஒவ்வொரு நோய்க்கும் தனியாக வைத்த உச்சவரம்பு எல்லாம் கழித்த பிறகு வாங்கியவர் எவ்வளவு கட்டுவார் என்று போடுங்கள். மலிவானது என்று முதலிடத்தில் வைத்த பாலிசி அப்போதும் அங்கேயே இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். நிறுவனங்கள் தர மறுத்தால், பாலிசி ஆவணத்தை வைத்துக்கொண்டு யார் வேண்டுமானாலும் போடக்கூடிய கணக்குதான் இது. உங்கள் குழுவுக்கு ஒரு பிற்பகல் போதும்.

இப்படிக்கு,
பில்லிங் பிரிவிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு வாசகர்