பர்லியாரில் வெந்நீர் தந்த கண்டக்டர் அண்ணாவுக்கு

போன சனிக்கிழமை விடியற்காலை குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கிய பஸ்ஸில், ஜன்னலோரம் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு பாடிப் பாடிப் பார்த்தது நான்தான். கோவையில் டிவி பாட்டுப் போட்டிக்குக் குரல் தேர்வு. குளிரில் தொண்டை கட்டி, சரணத்தில் மேலே போனாலே கீச்சென்றது. அழுகையே வந்துவிட்டது.

பர்லியாரில் பஸ் நின்றதும் நீங்களாகவே இறங்கிப் போய், ஸ்டீல் டம்ளரில் உப்புப் போட்ட வெந்நீரோடு வந்தீர்கள். "கொப்பளிச்சுட்டு வாம்மா. அப்புறம், அஞ்சரைக் கட்டையில கத்தாதே, அஞ்சுல பாடு." டிக்கெட் கிழிக்கிறவருக்குச் சுருதிக் கணக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்பதற்குள் விசில் ஊதிவிட்டீர்கள்.

ஐந்து கட்டையில்தான் பாடினேன் அண்ணா. குரல் உடையவில்லை. அடுத்த சுற்றுக்குக் கூப்பிடுவார்களா, தெரியாது. சரி, அது இருக்கட்டும். அவசரத்தில் அந்த டம்ளரைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். டீக்கடைக்காரர் உங்களைத்தான் திட்டியிருப்பார். இந்தப் பதிவைப் பார்த்தால் எந்த டிரிப்பில் வருகிறீர்கள் என்று சொல்லுங்கள், கொண்டுவந்து தருகிறேன்.