ஜனவரிக்கும் கம்பளி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

நீலகிரியில் உறைபனி தொடங்கியது குறித்த செய்தியைத் தங்கள் நாளிதழில் வாசித்தேன். நவம்பரில் தொடங்கும் பனி பிப்ரவரி வரை நீடிக்கும். ஆனால் தேவாலயங்களின் உதவிகளோ கிறிஸ்துமஸ் வாரத்தில் குவிந்து, புத்தாண்டோடு நின்றுவிடுகின்றன. குளிர் வாட்டும் ஜனவரியில் ஏழைகளை எட்டிப் பார்க்க ஆளில்லை. எங்கள் ஊர்ச் சிற்றாலயத்தில் கடந்த ஆண்டு காணிக்கையில் ஒரு பகுதியைப் பொங்கல் வரை ஒதுக்கி வைத்தோம். கம்பளியோடு தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயன் வீடுகளுக்குச் சென்றபோது, சிமெண்ட் தரையில் சாக்கு விரித்துப் படுத்திருந்த முதியவர்கள், போர்த்திக்கொள்வதைவிடக் கீழே விரிக்கத்தான் ஏதாவது வேண்டும் என்றார்கள். மறுவாரமே தடித்த ஜமுக்காளங்கள் வாங்கிக் கொடுத்தோம்.

சபைக் குழுக்கள், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரங்களான திருவருகைக் காலத்துக்கு முன்பே கிராம சுகாதார செவிலியரின் உதவியோடு தனித்து வாழும் முதியவர்களைக் கண்டறிந்து, மதம் பாராமல், அவர்களுக்கு வேண்டியதைக் கேட்டு, பாதியை டிசம்பரிலும் மீதியை ஜனவரியிலும் வழங்கலாம்.

- ஒரு வாசகர், உதகை