தம்பிக்கு, ஹல் நகரத்திலிருந்து

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு நான் நலம். அம்மாவிடம் முட்டிக்கு எண்ணெய் தேய்ப்பதை விட்டுவிட வேண்டாம் என்று சொல்.

வியாசர்பாடி பட்டறைக்கு ஒரு பழைய ஷூட்டிங் கேரவன் வந்திருக்கிறது, பக்கவாட்டு ஷீட் உப்பிக்கொண்டு நிற்கிறது, எப்படித் தட்டி எடுப்பது என்று கேட்டிருந்தாய். தட்டாதே. சுத்தியையும், பின்னால் தாங்கிப் பிடிக்கிற இரும்புக் கட்டியான டாலியையும் ஓரமாக வைத்துவிட்டு முதலில் தண்ணீர் எங்கே இறங்குகிறது என்று பார். நெளிவு காத்திருக்கும், ஈரம் காத்திருக்காது.

இங்கே நான் பார்க்கிற மோட்டார்ஹோம், அதாவது உள்ளேயே தங்கிப் பயணம் போகிற வண்டிகளுக்கு இரும்பு பாடி கிடையாது. ஃபியட் டுகாட்டோ மாதிரி ஒரு வேன் சேசிஸ் மேல் ஒட்டுச் சுவர்களை நிறுத்தியிருப்பார்கள். வெளியே மெல்லிய அலுமினியம் அல்லது பைபர் ஷீட், நடுவில் தெர்மாகோலும் ரீப்பர் கட்டையும், உள்ளே மெல்லிய ப்ளைவுட். மூன்றும் பசையால் ஒன்றானவை. பின்பக்கம் டாலி கொடுக்க இடமே இல்லை. ஹீட் கன் காட்டினால் தெர்மாகோல் சுருங்கிப் பள்ளம் இன்னும் பெரிதாகும். நம்மூர் கேரவன் நிறைய இரும்பு பைப் ஃப்ரேமில் கட்டியது. உன்னுடையது எது என்று தெரிய, உள்ளே ஒரு லைட்டையோ சுவிட்ச் பாக்ஸையோ கழற்றி அந்த ஓட்டை வழியே பார்.

இங்கிலாந்தின் இந்த ஹல் நகரமும் துறைமுக ஊர்தான், ஆனால் ராயபுரத்தின் வெயில் மட்டும் இல்லை. வண்டிக்காரர்கள் பெரும்பாலும் ரிட்டையர் ஆனவர்கள். குளிர்காலம் முழுக்க வண்டி வீட்டு வாசலில் நனையும், மார்ச்சில் பட்டறைக்கு வரும். கூலி மணிக்கணக்கில் என்பதால் எழுபது வயதுக்காரரே ஏணி போட்டுக் கூரை மேல் பழைய சீலன்ட் (இடுக்கை அடைக்கும் பசை) சுரண்டுவதும் உண்டு. விற்கும்போது ஈர ரிப்போர்ட் கேட்பார்கள். ஈரம் அளக்கும் மீட்டரின் முள்ளைச் சுவரில் வைத்தால் 15 சதவீதம் வரை சரி, 20 வரை கவனிக்க வேண்டும், 30 தாண்டினால் உள்ளே கட்டை அழுகத் தொடங்கியிருக்கும். நம்மூர்க் காற்றிலேயே ஈரம் என்பதால் எண்ணை மட்டும் நம்பாதே. அதே வண்டியில் நல்ல இடத்தில் ஒன்று, சந்தேக இடத்தில் ஒன்று எடுத்து வித்தியாசத்தைப் பார்.

கறை தெரிகிற இடம் ஓட்டை இல்லை, அதற்கு மேலே தேடு. கூரையும் சுவரும் சேருகிற அலுமினியப் பட்டை, கூரை ஜன்னல், பின் லைட், ஜன்னலின் மேல் ஓரம், இவைதான் வழக்கமான வழிகள். பட்டையின் ஸ்க்ரூக்களை மூடியிருக்கும் பிளாஸ்டிக் பீடிங்கை உருவிப் பார். ஸ்க்ரூ தலை துருப்பிடித்திருந்தால் தண்ணீர் அந்த வழிதான். அலுமினியத்தில் சாதா இரும்பு ஸ்க்ரூ போட்டதன் வினை அது.

அப்புறம் உள் ப்ளைவுட்டை அறுத்து எடு. கட்டை ஊறிய ரஸ்க் மாதிரி விரலில் உதிரும். கறை நிற்கிற இடத்தோடு நிறுத்தாதே, அதைத் தாண்டி ஒரு சாண் நல்ல கட்டை வரும்வரை வெட்டு. இங்கே வாரக்கணக்கில் மெஷின் ஓட்டிக் காயவைக்கிறோம். உனக்குச் சித்திரை வெயில் இருக்கிறது, திறந்து போடு. ஐப்பசி மழையில் மட்டும் மூடிவிடாதே, ஈரத்தை உள்ளே வைத்து ஒட்டினால் ஷீட் மறுபடி உப்பும்.

இப்போது முக்கியமானது. காசிமேட்டில் பைபர் படகுக்குப் பயன்படுத்தும் பாலியஸ்டர் ரெசினைத் தெர்மாகோல் பக்கம் கொண்டுபோகாதே. அதிலுள்ள ஸ்டைரீன் தெர்மாகோலைக் கரைத்துக் குழியாக்கிவிடும். அங்கே எபாக்ஸிதான். ஷீட் மட்டும் பசை விட்டுப்போன இடத்தில் உட்பக்கமிருந்து 3 மி.மீ. ஓட்டைகள் போட்டு, ஊசியில் எபாக்ஸி ஏற்று. இரு பக்கமும் பாலித்தீன் விரித்துப் பலகை வைத்து, முட்டுக் கொடுத்து ஒரு நாள் முழுக்க விடு. அழுத்தம் சமமாக இல்லாவிட்டால் ஷீட் அலையடிக்கும்.

பைபர் மூலை விரிசல் என்றால் காசிமேட்டுக்காரர்களே போதும். ஓரத்தைச் சரிவாகத் தேய்க்கச் சொல், கனத்துக்குப் பன்னிரண்டு மடங்கு அகலம். கண்ணாடி நார் மேட்டின் எடைக்கு இரண்டு, இரண்டரை மடங்கு ரெசின். ரெசினை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட் 100 கிராம் ரெசினுக்கு 1 கிராமிலிருந்து 2 கிராம். இங்கே குளிரில் 2 விட்டும் இறுக நேரம் இழுக்கும், உன் பட்டறையில் மே மாதம் 2 விட்டால் குவளையிலேயே சூடேறிக் கட்டியாகிவிடும். இறுகுவதை வேகப்படுத்தும் ஆக்ஸிலரேட்டரை முதலில் ரெசினில் நன்றாகக் கலந்த பிறகே கேட்டலிஸ்ட். இரண்டையும் நேரடியாகச் சேர்த்தால் வெடிக்கும். அந்தப் பாட்டில்களைப் பையன்கள் கையில் கொடுக்காதே, பக்கத்துப் பக்கத்தில் வைக்கவே வைக்காதே.

பிளாஸ்டிக் பம்பரின் பின்புறம் ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக் வகைப் பெயர் பொறித்திருந்தால், விரிசல் முனையில் 3 மி.மீ. ஓட்டை போட்டு நிறுத்து. அதே பிளாஸ்டிக் துண்டுகளை அசிட்டோனில் ஊறவைத்துப் பசையாக்கி, பின்பக்கம் வலை வைத்துப் பூசு.

பட்டி விஷயத்தில் உன் கையே போதும். இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் ஏற்றாதே, அலுமினியத்துக்கு, உலோகத்தைக் கவ்விப் பிடிக்கும் எட்ச் பிரைமர் அடித்துவிட்டு பெயின்ட் அடி.

கடைசியில் சீல் செய்ய சிலிக்கான் வேண்டவே வேண்டாம். அதன் மேல் பெயின்டும் நிற்காது, அடுத்த சீலன்டும் ஒட்டாது. பிசுபிசுப்பான ரப்பர் மாதிரி இருக்கும் ப்யூட்டைல் டேப் வைத்து, ஸ்டெய்ன்லெஸ் ஸ்க்ரூவை ஒரேயடியாக முறுக்காமல் சுற்றிச் சுற்றி இறுக்கு. டேப் பிதுங்கி வரும். மறுநாள் இன்னொரு முறை இறுக்கிவிட்டுப் பிதுங்கலை அறுத்து எடு.

இரும்புத் தகடு வைத்து ஒட்டுப்போடும் பழக்கம் இங்கே செல்லாது. 1997 ஜனவரி முதல் தேதியிலிருந்து கார் லைசென்ஸ் எடுத்தவர் சாதாரணமாக 3,500 கிலோ வண்டி வரைதான் ஓட்டலாம், அதனால் கிலோக் கணக்குப் பார்ப்பார்கள். உனக்கு அந்தத் தொல்லை இல்லை, ஆனாலும் கூரையில் கனம் ஏற்றாதே.

பீடிங்கை உருவியதும் ஸ்க்ரூக்களின் போட்டோ அனுப்பு. எத்தனை அடி பட்டையைக் கழற்ற வேண்டும் என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன். அதுவரை வண்டிக்காரரிடம் விலை பேசாதே.

இப்படிக்கு,
உன் அண்ணன்